நீலப் பென்சில்

எதிரில் நிற்பவன் பொய் சொல்கிறானா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையில் நான் ஒரு சைக்கிள் வாங்கினேன். விற்றவன் மலாக்காவுக்குப் பக்கத்தில் கிளேபாங்கைச் சேர்ந்தவன். "விழுந்ததே இல்லை, அடிபட்டதே இல்லை" என்று அவன் சொன்னபோது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைக்கவே இல்லை. பொய் சொல்பவன் அதிகமாக இமைப்பான் என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். ஆகவே பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், கடற்கரைச் சடக்கில், சைக்கிள் இரண்டாகப் பிரிந்தது. முறிந்த சட்டத்தை ஒட்டவைத்துச் சாயம் பூசியிருக்கிறான். நான் மணலில் உட்கார்ந்திருக்க, முன்சக்கரம் மட்டும் எங்கள் காஜா பேராங்கை நோக்கிக் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு விசாரித்ததில், அந்த ஆளுக்கு முகவாதம் வந்து ஒரு பக்கத்து இமை மூடாது என்று தெரிந்தது. நான் அந்தப் பக்கமாகப் பார்த்து நின்றிருக்கிறேன்.

அந்த அசட்டு நம்பிக்கை எனக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் வரவில்லை. பக்கத்து மேசையிலிருந்தும் வந்தது.

பக்கத்து மேசைக்காரர் எங்கள் அலுவலகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நான் தட்டெழுத்துக் கிராணி. கப்பலேறி ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் அனுமதித் தாள் கொடுக்கிற அலுவலகம் அது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை போய், அதே நாற்காலியில் மலாய்க்காரத் துவான் வந்து உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் மாறவில்லை. அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் மலாக்காவில் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். வெள்ளைச் சட்டையின் மேல்பையில் ஒரு நீலப் பென்சில் இருக்கும். இந்தியப் பெயர் உள்ள மனு எல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். விசாரித்து முடித்ததும் தாளின் ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு குறி போடுவார். உண்மை என்றால் டிக். பொய் என்றால் சுழி. அப்படி ஒரு குறி போடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் துரையும் சரி, துவானும் சரி, மனுவைப் படிக்குமுன் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். சுழி விழுந்த மனுவை அதற்குமேல் படித்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் மேசைக்கு முன்பலகை கிடையாது. எல்லா மேசைகளுக்கும் உட்கார்ந்திருப்பவரின் காலை மறைக்க ஒரு பலகை இருக்குமல்லவா, அதை ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லிவிட்டார். எதிரில் நிற்கிறவர்களின் கால் தெரியவேண்டும் என்பதற்காக.

"வாய் வீட்டுலயே ஒத்திகை பாத்துட்டு வரும், கிராணியாரே. காலுக்கு யாரும் ஒத்திகை குடுக்கறதில்ல" என்பார்.

காலுக்கென்று அவரிடம் ஓர் இலக்கணமே இருந்தது. பெருவிரல் மடங்கினால் சொன்ன உறவு பொய். குதிகால் எழும்பினால் வயது பொய். ஒரு காலை இன்னொரு கால்மேல் தேய்த்தால் பொய்யில்லை, கொசு. இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். மாதத்தில் அந்த ஒரு சிரிப்புதான்.

காதுக்கும் ஒரு சோதனை வைத்திருந்தார். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். மூன்றாம் தரம் உண்மைக்காரனுக்குக் கோபம் வரும், பொய்க்காரன் மரியாதையாகவே இருப்பான் என்பது அவர் கணக்கு. ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆள், பால்மரம் வெட்டுகிறவர், மூன்றாம் தரம் கேட்டதும் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யோவ், செவுடா நீ? எங்கப்பன் பேரத்தான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னொரு அப்பன் வேணுமா உனக்கு?" என்று கத்தினார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மொழிபெயர்ப்பாளர் முகம் மலர்ந்துவிட்டது. டிக் போட்டு, எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் கொடுத்தார். அவரைத் திட்டினால் வேலை நடக்கும் என்பது வெளியே தெரிந்திருந்தால் மலாக்காத் தமிழர்கள் பாதிப்பேருக்கு அன்றைக்கே அனுமதி கிடைத்திருக்கும். தெரியவில்லை. அவர் முன்னால் எல்லோரும் பணிவாக நின்று சுழி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அலுவலகத்துக்கு வெளியிலும் அவருக்குக் கிராக்கி இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒருமுறை துக்காங் எமாஸ் சாலையில் ஒரு வீட்டில் நிச்சயப் பேச்சு. எனக்கும் அழைப்பு. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை என்றார்கள். இவர் கோப்பியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தபின், "காலையில எத்தனை மணிக்குத் தம்பி உள்ள போவீங்க?" என்றார். பையன் தன் அம்மாவைப் பார்த்தான். "வங்கியிலதான் வேலை. ஆனா உள்ள இல்ல, வாசல்ல" என்று சொல்லிவிட்டு இவர் செருப்பைத் தேடினார். பையன் அங்கே காவல்காரன். சம்பந்தம் முறிந்தது. காவல்காரனாக இருந்தால் உனக்குப் பரவாயில்லையா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு வெகுகாலம் கல்யாணம் ஆகவில்லை. அப்போது நாங்கள் வழியெல்லாம் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு வந்தோம். நான்தான் சத்தமாக மெச்சினேன்.

அவர் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் அவர் எதிரில் நின்று பேசமாட்டார்கள். அவர் மனைவி எதைக் கேட்டாலும் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வார். பிள்ளைகள் கதவுக்குப் பின்னாலிருந்து. "பசியாறியாச்சா?" என்று இவர் கேட்பார். "ஆச்சு" என்று கதவு பதில் சொல்லும். நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒரு நாள்காட்டி மட்டும் அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி, பேர் சோதனை. இதை அவரே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த நாளில் ஊரிலிருந்து புதிதாக ஆள் வருவது கடினமாகிவிட்டது. இங்கே மனைவி இருந்தால் கணவனுக்கு அனுமதி கிடைக்கும். ஆகவே மனைவியாக வந்து நிற்பதற்கென்றே சில பெண்களைத் தரகர்கள் அழைத்து வந்தார்கள். நம் கல்யாணங்களுக்குத் தாலியைத் தவிர வேறு அத்தாட்சி ஏது? எனவே இவர், "புருஷன் பேரு என்னம்மா?" என்று சாதாரணமாகக் கேட்பார். உண்மையான மனைவி அங்கே தடுமாறுவாள். புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. சிரிப்பாள், முந்தானையால் வாயை மூடுவாள், பக்கத்திலிருப்பவளைச் சொல்லச் சொல்லுவாள், "அதான், பழனியில இருக்கிற சாமி" என்பாள். டிக். தரகர் கூட்டி வந்தவள் ஒப்பிப்பதுபோலச் சட்டென்று சொல்லிவிடுவாள். ஒருத்தி அப்படிச் சொன்னாள். சுழி போட்டதும் அழுதுகொண்டே, நேற்றுச் சாயங்காலம்தான் அந்தப் பேரைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒப்புக்கொண்டாள். இப்படி மூன்று நான்கு பேர் பிடிபட்டார்கள். அந்தச் சோதனை பலித்தது. பலிக்காத சோதனையாக இருந்திருந்தால் இதை நான் எழுதவேண்டிய அவசியமே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை லெட்சுமி வந்து நின்றாள்.

லெட்சுமி காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவள். தோட்டத்தில் பிறந்து, தாய் தகப்பன் போனபிறகு, ஒரு மலாக்காச் செட்டி வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டாருக்கு நெற்றியில் விபூதி, வாயில் மலாய். அவளும் அப்படியே ஆனாள். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்துவாள், குங்குமம் வைப்பாள், தமிழை அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசுவாள். அவள் புருஷன் வீராசாமி மரக்கடையில் வேலை செய்தவன். சாமி படத்துக்கு முன்னால் தாலி கட்டிக்கொண்டு ஏழு வருடமாகக் குடும்பம் நடத்தினார்கள். ஒரு பெண் குழந்தை. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று அவள் வளர்ந்த வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் மத்தியானம் வாசலில் நின்று, "வீராசாமி! மாக்கான்! நாசி ஆறிப்போவுது லா!" என்று கூவுவாள். சாப்பிட வா, சோறு ஆறுகிறது என்று அர்த்தம். எங்கள் தெருவில் அதுதான் சாப்பாட்டு மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் இலைக்கு உட்காருவேன்.

வீராசாமி தன் தகப்பனார் காரியத்துக்காக ஊருக்குப் போனான். போன இடத்தில் மஞ்சள் காமாலை. படுத்து எழுந்திருப்பதற்குள் திரும்பி வருவதற்கான தாள் காலாவதியாகிவிட்டது. இனி அவனுக்கு இங்கே மனைவி இருக்கிறாள் என்று அலுவலகம் ஒப்புக்கொண்டால்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேற முடியும். அதற்கு ஒரே சாட்சி அவளுடைய வாய்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் ஒன்டே-ஒன்டே செய்து கொண்டுவந்து கொடுத்திருந்தாள். உள்ளே வெல்லப்பாகு வைத்த உருண்டை. நான் ஏழு சாப்பிட்டேன். காலையில் என் மனைவி சொன்னாள்: "உங்க ஆபீசுக்குத்தான் வர்றா. ரெண்டு வார்த்த சொல்லுங்க."

"பாப்போம்" என்றேன். அந்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் மனு வந்தால் முன்கூட்டியே துவானிடம் சொல்லவேண்டும் என்று விதி. நான் சொல்லவில்லை. சொல்லாதது தெரிந்தால் நிரந்தரம் கிடைக்காது.

"புருஷன் பேரு என்னம்மா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"வீராசாமி!" என்றாள். வாசலில் நின்று கூவுகிற அதே குரல். பக்கத்து அறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பியூன்கூட எட்டிப்பார்த்தான்.

நீலப் பென்சில் பையிலிருந்து வெளியே வந்தது.

"கல்யாணமாகி எத்தன வருஷம்?"

அவள் உதடு 'துஜோ' என்று மலாயில் அசைந்தது. அதற்குத் தமிழ் என்னவென்று விரலை மடக்கி எண்ணிப்பார்த்தாள். "...ஏழு."

"தாலி எங்க கட்டுனாரு?"

"வீட்ல. சாமி... சாமி படம்... முன்னுக்கு." பிறகு மெல்ல, "துவான், மலாயில சொல்லலாமா?"

"தமிழ்லயே சொல்லும்மா." அவருக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனால் மலாயில் சொல்கிற பொய் தன் காதுக்குப் பிடிபடாது என்பது அவர் கொள்கை.

மறுபடி பேரைக் கேட்டார். சொன்னாள். மூன்றாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரமும் பணிவாகச் சொன்னாள். பெரியவர்களிடம் குரல் உயர்த்தக்கூடாது என்பதை அந்தச் செட்டி வீட்டில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் முன்பலகை இல்லாத மேசைக்குக் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து விரலும் மடங்கியிருந்தன.

அவள் போட்டிருந்த செருப்பு என் மனைவியுடையது. தீபாவளிக்கு நான் வாங்கிக்கொடுத்த, பூ வைத்த பச்சைச் செருப்பு. அலுவலகத்துக்கு வெறுங்காலோடு போகக்கூடாதென்று இரவல் வாங்கி வந்திருக்கிறாள். அவள் கால் பெரியது. விரலை மடக்காமல் அதற்குள் நிற்க யாராலும் முடியாது.

அவர் என் பக்கம் திரும்பினார். "கிராணியாரே, நீங்க காஜா பேராங்தானே? இந்தம்மாவத் தெரியுமா?"

லெட்சுமி என்னைப் பார்த்தாள். நான் இன்னும் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையைத் தூக்கி, அவர் கண்ணை நேராகப் பார்த்து, அளவாக இமைத்து, "தெருவுல பாத்திருக்கேன். அவ்வளவுதான்" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு மூச்சு நேரம் பார்த்தார். மலாக்காவிலேயே பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டடி தூரம்தான். பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். பிடித்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேனோ என்னவோ.

"சரி" என்று சொல்லிச் சுழி போட்டார்.

வீட்டில் மனைவி கேட்டபோது, "அவ சரியா பதில் சொல்லல" என்றேன்.

லெட்சுமி இரண்டாம் தரம் மனுப் போட்டாள். பழைய தாள் மேலே வந்தது, சுழியோடு. மூன்றாம் தரம் போட்ட மனு துவானின் மேசையில் கிடந்தபோது ஊரிலிருந்து வீராசாமியின் அண்ணன் எழுதிய கடிதம் வந்தது. காமாலை திரும்பி வந்து, அவனைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு தரம் அவன் கப்பலடிக்குப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பினானாம். அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது நான்தான். எங்கள் தெருவில் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவன் என்று பேர் எனக்கு.

அதற்குப் பிறகு தெருவில் சாப்பாட்டு மணி அடிக்கவில்லை.

அடுத்த வருடம் மகளைப் பள்ளியில் சேர்க்க, தகப்பன் இல்லை என்பதற்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. வீராசாமியின் பயணத் தாள்கள் எங்களிடம் இருந்ததால் எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். வெறுங்காலோடு வந்தாள். மொழிபெயர்ப்பாளருக்கு முகம் நினைவில் நிற்காது. கால்தான் நிற்கும். இது செருப்பில்லாத கால், ஆகவே புதிய கால்.

"புருஷன் பேரு என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. சுவரைப் பார்த்தாள். கெபாயாவின் கைநுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

"பேரு?"

மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். தட்டெழுத்து இயந்திரத்தின்மேல் என் விரல்கள் நின்றுவிட்டன.

"பேரச் சொல்லும்மா."

"அப்பவே சொல்லியாச்சு லா!" என்று கத்தினாள். "மூணு வாட்டி சொன்னேன். அப்ப எங்க போச்சு உங்க காது?"

அவர் அந்த வார்த்தைகளைக் கேட்கவில்லை. கோபத்தை மட்டும் கேட்டார். முகம் மலர்ந்தது. டிக் போட்டு, எழுந்து நின்று, தாளை இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் போனபிறகு என் பக்கம் சாய்ந்து, "பாத்தீங்களா, கிராணியாரே? பேரு வாயில வரவே இல்ல. இதுதான் உண்மையான பொண்டாட்டி" என்றார்.

நான் தட்டெழுதினேன். என் வேலை அதற்கு முன்பே நிரந்தரமாகியிருந்தது.

ஏழெட்டு வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் தேநீர் விருந்து. கேக்கும் வடையும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வடையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "அன்னைக்கு அந்தப் பச்சைச் செருப்புப் பொண்ணத் தெரியாதுன்னு சொன்னேனே, அது பொய்யிங்க. மூணு வீடு தள்ளித்தான் இருந்தா. புருஷனோட வாழ்ந்தவ. அந்தச் செருப்பே என் வீட்டுக்காரியோடதுதான்."

அவர் கேக்கை மென்று விழுங்கினார். "தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"நீங்க பொய் சொன்னது. அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏங்க சுழி போட்டீங்க?"

"நீங்க உக்காந்திருந்தீங்க, கிராணியாரே. நான் நிக்கறவங்களத்தான் பாக்கறது."

இது உண்மையா, இல்லை கடைசி நாளில் பேரைக் கெடுத்துக்கொள்ளாமலிருக்கச் சொன்ன பொய்யா? குனிந்து அவர் காலைப் பார்த்தேன். விருந்து மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள், தரைவரை. துணியைத் தூக்கிப் பார்த்தேன். காலை மூடிய புதுச் சப்பாத்து போட்டிருந்தார். உள்ளே விரல் மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். விரல் மடங்கியது, நான் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தது, லெட்சுமி என்னைப் பார்த்தது, நான் மறுத்தது, இத்தனை வருடமாக அது நெஞ்சில் கிடந்து அறுப்பது, எதையும் விடவில்லை. அவள் என்னைக் காறித் துப்பினாலும் தாங்கிக்கொள்வதென்று முடிவுசெய்துகொண்டு காத்திருந்தேன்.

அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஓ, அதுக்குத்தான் பாத்தீங்களா?" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலமே செருப்பக் கழுவித் தொடச்சு எடுத்துட்டு வந்துட்டா. 'கிராணி என் காலையே பாத்துக்கிட்டிருந்தாரு, செருப்ப இரவல் குடுத்தது அவருக்குப் புடிக்கல போல'ன்னு ஒரே வருத்தம். அதுக்கப்புறம் நம்ம வீட்டுல இரவல்னு ஒண்ணும் கேக்கறதில்ல. நான்தான் சமாதானம் சொல்லி அனுப்புனேன், அவரு கொஞ்சம் கஞ்சம், நீ மனசுல வச்சுக்காதேன்னு."